ஒரு பக்கற் உப்பு எத்தனை நாளைக்கு? திருகோணமலைச் சமையலறையும் இரத்த அழுத்தமும்

“உப்புக் குறைச்சனீங்களோ அம்மா?”

“ஓம் மிஸ்ஸி, நான் மேசையில உப்பே வைக்கிறேல்ல.”

“கருவாடு?”

“அது கிழமையில ரெண்டு மூண்டு தரம். அது கருவாடு தானே.”

பிறஷர் கிளினிக் வாங்கில் குந்தியிருந்தால் இப்படியான பேச்சு எப்படியும் காதில் விழும். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்கு உப்பு என்றால் உப்புச் சிரட்டையில் இருப்பது. கருவாட்டுக்குள்ளும் பாணுக்குள்ளும் சம்பலுக்குள்ளும் கரைந்து போனது அவர் கணக்கில் வரவே இல்லை. நாக்கும் அவருக்கு உதவாது. நாற்பது வருடம் ஒரே அளவில் பழகிய நாக்கு, அந்த அளவையே “கணக்கா இருக்கு” என்று சொல்லும். உப்பு விஷயத்தில் நாக்கை நம்பக் கூடாது, எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணுவது கடினமான வேலை இல்லை, அதை எப்படிச் செய்வது என்று பின்னால் பார்ப்போம்.

முதலில் அளவு. வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சோடியமாகச் சொன்னால் 2,000 மில்லிகிராம். உப்பின் எடையில் ஏறத்தாழ 40 வீதம் சோடியம், மிச்சம் குளோரைட். ஆகவே பெட்டியில் சோடியம் என்று போட்டிருந்தால் அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பாணி மருந்தோடு வரும் 5 மில்லிலீற்றர் கரண்டியில் தூள் உப்பை எடுத்து மட்டமாகத் தட்டினால் சுமார் 6 கிராம் நிற்கும். அந்தக் கரண்டி நிரம்பாத அளவுதான் ஒரு நாள் முழுவதற்கும், அதுவும் எல்லாச் சாப்பாட்டையும் சேர்த்து. உலகச் சராசரி இதன் இரண்டு மடங்குக்கும் மேல், 10.8 கிராம் அளவில் நிற்கிறது.

சேலைன் போத்தல் சொல்லும் கணக்கு

உப்பு எப்படி அழுத்தத்தை ஏற்றுகிறது என்று விளங்க ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேல் தொங்கும் சேலைன் போத்தலைப் பார்த்தால் போதும். அதில் எழுதியிருக்கும் 0.9 வீதம் என்பது ஒரு லீற்றர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு. நம் இரத்தமும், கலங்களுக்கு வெளியே நிற்கும் நீரும் அந்தச் செறிவுக்குக் கிட்டத்தான் இருக்கின்றன. உடல் இந்தச் செறிவை விட்டுக்கொடுக்காது. மேலதிகமாக 9 கிராம் உப்பு உள்ளே போனால், அதை வெளியேற்றும் வரைக்கும் அதற்கேற்ப ஒரு லீற்றர் அளவு தண்ணீரைப் பிடித்து வைக்கும். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட அன்று பின்னேரம் தண்ணீர் விடாய்ப்பதன் காரணம் இதுதான். நாளுக்கு 10 கிராம் தின்பவர் 5 கிராமுக்கு இறங்கும்போது உடலில் நிற்கும் நீர் ஒரு லீற்றர் அளவில் குறைகிறது.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீரை வடிக்கின்றன. அதோடு வரும் சோடியத்தில் 99 வீதத்துக்கும் மேலானதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. உப்பு அரிதாகக் கிடைத்த காலத்தில் மனித உடல் உருவானது, அதனால் உப்பைச் சேமிக்கும் வேலையைத்தான் அது மிகத் திறமையாகச் செய்யும். றெனின், அஞ்சியோடென்சின், அல்டோஸ்டெரோன் என்ற ஓமோன் தொடர் அதற்காகவே இருக்கிறது. வெளியேற்றும் வேலையில் அந்தத் திறமை எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. வெளியேற்றும் திறன் குறைந்தவர்களில் சிறுநீரகம் உப்பைத் தள்ளுவதற்கு அழுத்தம் கொஞ்சம் உயர வேண்டியிருக்கிறது. குழாயில் அடைப்பு இருந்தால் மோட்டரின் வேகத்தைக் கூட்டுவது போல. அந்த உயர்வு வருடக்கணக்கில் நின்றால் நாடிகளின் சுவர் தடித்து விறைக்கும். விறைத்த நாடி அழுத்தத்தைத் தானே உயர்வாக வைத்திருக்கும். ஐம்பது வயதுக்குப் பிறகு உப்பைக் குறைத்தாலும் அழுத்தம் முழுதாக இறங்காமல் போக ஒரு காரணம் இது. குறைக்கத் தேவையில்லை என்பது அதற்குப் பொருளாகாது. வயது கூடக் கூட உப்புக் குறைப்பின் பலன் பெரிதாகவே தெரிகிறது.

இந்த வேறுபாட்டுக்கு உப்பு உணர்திறன் என்று பெயர். 1986 இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், உயர் அழுத்தம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரும், அழுத்தம் சரியாக இருந்தவர்களில் கால்வாசிப் பேரும் உப்பு உணர்திறன் உடையவர்களாக இருந்தனர். முதியோர், நீரிழிவு உள்ளோர், சிறுநீரகம் பழுதுபட்டோர் இந்தக் கூட்டத்தில் அதிகம். கிளினிக்கில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சொல்லிவிடக் கூடிய சோதனை இதற்கு இல்லை. “எங்கட அப்பா தொண்ணூறு வரைக்கும் கருவாடு திண்டவர்” என்ற வாதம் அந்த அப்பாவின் சிறுநீரகத்தைப் பற்றி மட்டுமே சொல்கிறது. மகனுடையதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இதயத்துக்கு என்ன நடக்கிறது? உயர்ந்த அழுத்தத்துக்கு எதிராக நாள் முழுக்கத் தள்ள வேண்டியிருப்பதால் இடது கீழறையின் தசை தடிக்கிறது. உடற்பயிற்சியால் பெருத்த கை போன்றதல்ல இது. தடித்த தசை தளர்ந்து விரிய மறுக்கும், அதற்கு வேண்டிய இரத்தமும் போதாது. பிறகு மூச்சு வாங்கும், கால் வீங்கும், துடிப்பின் ஒழுங்கு குழம்பும். மூளையின் சிறு நாடிகளும் அழுத்தத்துக்குப் பெரிய விலை கொடுப்பவை, அதனால் பக்கவாதம் உயர் அழுத்தத்தோடு மிக நெருக்கமாக வரும் நோய். சிறுநீரகமும் இதே வட்டத்துக்குள் சிக்குகிறது. அழுத்தம் அதைக் கெடுக்க, கெட்ட சிறுநீரகம் அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது.

“குளிசை போடுறன், பிறகேன் உப்பைக் குறைப்பான்?” என்ற கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. லொசாட்டன், எனலாபிரில் வகைக் குளிசைகள் மேலே சொன்ன ஓமோன் தொடரைத் தடுத்து வேலை செய்கின்றன. உப்பை அதிகம் தின்னும்போது அந்தத் தொடர் ஏற்கெனவே அடங்கிக் கிடக்கும், ஆகவே குளிசைக்குத் தடுக்க அங்கே அதிகம் இருக்காது. உப்பைக் குறைத்தால் அதே குளிசை கூடுதலாக இறக்கும். அளவு கூட்டப்பட்டுக்கொண்டே போகும் பலருக்கு விடை மருந்து எழுதும் அட்டையில் இல்லை, கறிச்சட்டியில் இருக்கிறது.

எவ்வளவு இறங்கும், எங்கே தகராறு

2001 இல் வெளியான டாஷ்-சோடியம் ஆய்வில் 412 பேருக்கு மூன்று உப்பு அளவுகளில் சாப்பாடு சமைத்தே கொடுத்தார்கள். வழமையான அமெரிக்கச் சாப்பாட்டில் உப்பை மட்டும் மேல்மட்டத்தில் இருந்து கீழ்மட்டத்துக்குக் கொண்டுவந்தபோது மேல் அழுத்தம் (120/80 என்பதில் 120) சராசரியாக 6.7 புள்ளி குறைந்தது. குறைந்த உப்போடு மரக்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பாலுணவும் சேர்ந்தபோது, உயர் அழுத்தம் உள்ளவர்களில் 11.5 புள்ளி வரை இறங்கியது. ஒரு குளிசையின் வேலைக்குச் சமமான இறக்கம் அது. 2013 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நாளுக்கு 4.4 கிராம் உப்பைக் குறைத்தால் உயர் அழுத்தம் உள்ளோருக்கு மேல் அழுத்தம் 5.4, கீழ் அழுத்தம் 2.8 புள்ளி இறங்குவது தெரிந்தது. அழுத்தம் சரியாக உள்ளோருக்கு மேல் அழுத்தத்தில் 2.4. தனி ஆளுக்கு இது சிறிதாகத் தெரியலாம். ஊர் முழுக்க இரண்டு புள்ளி இறங்கினால் பக்கவாதத்துக்கு வார்டில் படுப்பவர்களின் எண்ணிக்கை குறையும்.

உப்பை மிகவும் குறைத்தாலும் ஆபத்து என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. பல நாடுகளில் நடந்த ப்யூர் ஆய்வில், நாளுக்கு 3 கிராம் சோடியத்துக்குக் கீழே, அதாவது 7.5 கிராம் உப்புக்குக் கீழே போனவர்களிலும் இதய நோயும் மரணமும் கூடியதாகத் தெரிந்தது. அதன் அளவீடு ஒரு தடவை எடுத்த காலைச் சிறுநீரை வைத்துக் கணித்தது, இந்த வழியில் தனி ஆளின் அளவு நன்றாகவே பிழைக்கும். ஏற்கெனவே நோயுற்றவர் குறைவாகச் சாப்பிடுவதாலும் கணக்கு குழம்பும். 24 மணிநேரச் சிறுநீரைப் பல நாள் சேர்த்து அளந்த ஆய்வுகளை 2022 இல் ஒன்றாக்கிப் பார்த்தபோது, 10,709 பேரில், ஒவ்வொரு 1,000 மில்லிகிராம் சோடியக் கூடுதலுக்கும் இதய, நாடி நோய் ஆபத்து 18 வீதம் ஏறியது. எங்களுக்கு இந்தக் கணக்கே நம்பத்தக்கதாகப் படுகிறது. தகராறு எல்லாம் 5 கிராமா 7 கிராமா என்பதில்தான். மிக அதிக உப்பு கேடு என்பதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான், நம் வீடுகளில் பல 12 கிராம் மட்டத்தில் நிற்கின்றன.

பக்கற்றில் திகதி எழுதுங்கள்

இனி எண்ணும் வேலை. புது உப்புப் பக்கற்றை வெட்டும்போது அதன் மேல் அன்றைய திகதியை மார்க்கரால் எழுதுங்கள். முடியும் நாளையும் எழுதுங்கள். வீட்டில் வளர்ந்த நாலு பேர் என்று வைப்போம். நாளுக்கு ஆளுக்கு 5 கிராம் என்றால் மொத்தம் 20 கிராம், 400 கிராம் பக்கற் 20 நாளைக்கு வர வேண்டும். ஆனால் பாண், கருவாடு, கடைச் சாப்பாடு எல்லாம் இந்தப் பக்கற்றுக்கு வெளியே உப்பைக் கொண்டுவருகின்றன. அவற்றுக்காக ஆளுக்கு 2 கிராமை ஒதுக்கினால் சமையலுக்கு 3 கிராம் மிஞ்சும். அப்போது 400 கிராம் பக்கற் 33 நாளும், ஒரு கிலோப் பக்கற் 83 நாளும் போக வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையை அரை ஆளாக எண்ணுங்கள். பிள்ளைக்கு உப்பு இன்னும் குறைவாகவே வேண்டும்.

இந்தக் கணக்குப் பிழைப்பது ஒரு இடத்தில். மீன் கழுவ உப்பும் புளியும் போடுகிறோம், ஊறுகாய் போடுகிறோம், கீரை கழுவுகிறோம். தண்ணீரோடு ஊற்றிவிடும் உப்பு வயிற்றுக்குள் போவதில்லை. ஆகவே கழுவுவதற்கென்று மலிவான கல்லுப்பை வேறு போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள், சமையல் பக்கற்றில் கை வைக்காதீர்கள். ஊறுகாய் உப்பைக் கணக்கில் விடக் கூடாது, அது கொஞ்சம் பிந்தித்தான் வயிற்றுக்குப் போகும், அவ்வளவே.

முதல் மாதம் ஒன்றையும் குறைக்க வேண்டாம், வழமைபோல் சமைத்து நாளை மட்டும் எண்ணுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் 400 கிராம் பக்கற் 12 நாளில் முடிந்தால், சமையல் உப்பு மட்டுமே ஆளுக்கு 8 கிராமுக்கு மேல். அந்த எண்ணைப் பார்த்த பிறகு வீட்டில் வாக்குவாதம் தேவைப்படாது.

குறைக்கும்போது கையால் அள்ளிப் போடுவதை நிறுத்தி, அதே 5 மில்லிலீற்றர் கரண்டியால் மட்டம் தட்டிப் போடுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு அளவில் குறையுங்கள். அவுஸ்திரேலியாவில் ஒரு ஆய்வில் பாணின் உப்பை ஆறு கிழமையில் கால் பங்கு குறைத்தும் சாப்பிட்டவர்களுக்குத் தெரியவில்லை. ஒரேயடியாகப் பாதியாக்கினால் மூன்றாம் நாளே “சப்பெண்டு கிடக்கு” என்று உப்புப் போத்தல் மேசைக்கு வந்துவிடும். நாக்கு புது அளவுக்குப் பழக இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அதன்பின் பழைய கறி உப்புக் கரிப்பதாகப் படும்.

எங்கே ஒளிந்திருக்கிறது

பேக்கரியில் மாவின் எடைக்கு 2 வீதத்தை ஒட்டி உப்புப் போடுவது வழக்கம். ஒரு றாத்தல் பாணில் மொத்தம் 5 கிராம் அளவு உப்பு நிற்கும், கால் றாத்தலில் ஒன்றேகால் கிராம். பாணில் உப்புச் சுவை தெரியாது, அதனால்தான் யாரும் எண்ணுவதில்லை. அதோடு கட்டாச் சம்பல். மிளகாயையும் வெங்காயத்தையும் உப்போடு இடிக்கும்போது உறைப்பு உப்பை மறைத்துவிடும், அதனால் கை தாராளமாகப் போகிறது. ஒரு கரண்டி உப்புப் போட்ட சம்பலை நாலு பேர் தின்றால் ஆளுக்கு 1.5 கிராம். காலைச் சாப்பாட்டோடே அன்றைய அளவில் பாதிக்கும் மேல் முடிந்தது.

மத்தியானம் சோற்றில் உப்பில்லை, நம் வழக்கத்தில் அது ஒரு பெரிய நன்மை. மீன் குழம்பு, பருப்பு, ஒரு மரக்கறி எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு கரண்டி போட்டால் ஆளுக்கு 3 கிராம். பொரித்த அப்பளம் ஒன்றில் அரைக் கிராமுக்குக் கிட்ட. ஒரு துண்டு கருவாடு 25 கிராம், அதன் எடையில் 15 வீதம் உப்பு என்று வைத்தால் ஊற வைக்காமல் பொரித்த அந்தத் துண்டில் மட்டும் முக்கால் பங்கு நாளின் உப்பு, 3.75 கிராம். இரவு இடியப்பமும் சொதியும் சம்பலும் சேர்ந்து 2 கிராம். கூட்டினால் 12 கிராம் வந்துவிடும், பின்னேரம் தேத்தண்ணீரோடு சாப்பிட்ட றோல்ஸை இன்னும் எண்ணவில்லை.

கருவாட்டை விட்டுவிடச் சொல்வது இந்தக் கரையில் நடக்கிற கதை இல்லை, தேவையும் இல்லை. கருவாட்டில் உப்பு ஏன் இருக்கிறது என்று தெரிந்தால் எடுக்கவும் தெரியும். மீனைக் கீறிக் குடல் நீக்கி உப்புத் தடவி அடுக்கும்போது, உப்பு சதைக்குள் இறங்கித் தண்ணீரை வெளியே இழுக்கிறது. பற்றீரியாவுக்கு வேண்டிய தண்ணீர் கிடைக்காமல் போவதால் மீன் கெடாது. அதே வழியில் உப்பைத் திரும்ப வெளியே எடுக்கலாம். மேலே பூத்திருக்கும் உப்பை முதலில் கழுவித் தள்ளுங்கள். பெரிய மீன் என்றால் சிறு துண்டாக்குங்கள், வெட்டிய பரப்பு கூடினால் உப்பு சீக்கிரம் வரும். துண்டுகளின் அளவைப்போல நாலைந்து மடங்கு இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணி ஊற வைத்து ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் இன்னொரு அரை மணி. கொஞ்சத் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வைப்பதில் பயன் குறைவு. வெளித் தண்ணீரும் உள்ளே இருப்பதும் ஒரே கரிப்புக்கு வந்ததும் உப்பு நகர்வது நின்றுவிடும். தண்ணீரை மாற்றுவதுதான் வேலை செய்கிறது. கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், சதை உதிர்ந்து ருசியும் போய்விடும். பிழிந்தெடுத்துக் கத்தரிக்காயோடோ மாங்காயோடோ வையுங்கள், குழம்புக்கு வேறு உப்புப் போட வேண்டாம். மிச்சமிருக்கும் கருவாட்டு உப்பே போதும். இவ்வளவும் செய்தாலும் உப்பு முழுதாகப் போகாது, ஆகவே கிழமைக்கு ஒரு நாள் என்பது நல்ல எல்லை. மற்ற நாள்களில் சூடை மீனும் கீரி மீனும் பச்சையாகக் கிடைக்கும் ஊரில் இது பெரிய இழப்பல்ல. நெத்தலி போன்ற சிறு மீனை உப்பில்லாமலோ மிகக் கொஞ்சமாகவோ போட்டு வெயிலில் காயவிடுபவர்களும் உண்டு, விசாரித்து வாங்கலாம்.

குழம்பில் உப்புக் கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போடுவது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். கிழங்கு உப்பைத் தேடிப் பிடித்து உறிஞ்சாது, உப்புக் குழம்பைத்தான் உறிஞ்சும். அந்தக் கிழங்கையும் நாமே சாப்பிடுகிறோம், ஆகவே உப்பு எங்கேயும் போகவில்லை. பால் விட்டாலும் அப்படித்தான், நாக்குக்குக் குறைகிறது, சட்டியில் குறையவில்லை. குழம்பைக் கொஞ்சமாக ஊற்றிச் சாப்பிடுவதே உண்மையான திருத்தம். உப்பைக் குறைத்த கறிக்கு ருசி வேண்டுமென்றால் தேசிக்காய், கொறுக்கா, வறுத்து அரைத்த மிளகு, இறக்கும்போது கறிவேப்பிலை. புளிப்பும் மணமும் உப்பின் இடத்தைக் கொஞ்சம் நிரப்பும். உப்பைக் கடைசியில் போட்டால் மேல்பரப்பில் நிற்கும், குறைந்த அளவிலேயே நாக்குக்குத் தெரியும்.

இந்துப்பு, கல்லுப்பு, தூள் உப்பு எதுவானாலும் சோடியம் குளோரைட்தான். கல்லுப்பை ஒரு கரண்டி அள்ளினால் இடையில் காற்று நிற்பதால் எடை சற்றுக் குறையும், அது மட்டுமே வித்தியாசம். நிலாவெளி உப்பளத்தில் விளைவதும் வெளிநாட்டு இளஞ்சிவப்பு உப்பும் அழுத்தத்துக்கு ஒன்றே. அயடீன் சேர்த்த உப்பையே சமையலுக்கு வைத்திருங்கள், அடுப்பாவி படாமல் மூடியும் வையுங்கள்.

கடைப் பொருளில் நிறத்தைப் பாருங்கள். இலங்கையில் 2019 இல் இருந்து திண்ம உணவுகளுக்குச் சீனி, உப்பு, கொழுப்புக்கான நிறக் குறியீடு நடைமுறையில் உள்ளது. 100 கிராமில் 1.25 கிராமுக்கு மேல் உப்பு இருந்தால் சிவப்பு, 0.25 கிராமுக்குக் கீழே பச்சை, இடையில் செம்மஞ்சள். இது 100 கிராமுக்கான கணக்கு என்பதை மறக்க வேண்டாம். செம்மஞ்சள் பிஸ்கற்றில் அரைப் பக்கற் தின்றால் கதை வேறு. நூடில்ஸ், சோயா மீற் போன்றவற்றில் உப்பின் பெரும்பகுதி சேர்ந்து வரும் சுவைத்தூளில் இருக்கும், அதில் பாதியை எறியலாம். தண்ணீரில் நுரைத்துக் கரையும் பரசிற்றமோல் மாத்திரை ஒன்றில் 400 மில்லிகிராமை ஒட்டிச் சோடியம் உண்டு, நாளுக்கு ஆறு போட்டால் அதுவே 6 கிராம் உப்பு. சாதாரணக் குளிசையில் இந்தச் சோடியம் இல்லை.

கச்சானும் கிணறும்

“இந்த வெக்கைக்கு உப்பு வேண்டும், வேர்வையில எல்லாம் போகுது” என்பது கச்சான் காற்று வீசும் மாதங்களில் அடிக்கடி கேட்கும் நியாயம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. கரைவலை இழுப்பவரும் வயலில் நிற்பவரும் லீற்றர் கணக்கில் வியர்க்கிறார்கள். ஆனால் வெக்கைக்குப் பழகிய உடல் ஓரிரு கிழமைக்குள் வியர்வையில் போகும் உப்பைக் குறைத்துக்கொள்ளும், முன்னே சொன்ன அல்டோஸ்டெரோனின் வேலை அது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வழமையான சாப்பாட்டின் உப்பே பெரும்பாலும் போதும், வேண்டியது தண்ணீர். கடையிலும் கந்தோரிலும் காற்றாடிக்குக் கீழே இருப்பவருக்கு இந்த நியாயம் பொருந்தவே பொருந்தாது.

கடலோரக் கிணறுகள் வரட்சியில் உவராகும். தண்ணீரில் சோடியம் லீற்றருக்கு 200 மில்லிகிராம் அளவில் வந்தால்தான் நாக்குக்குப் பிடிபடத் தொடங்கும். அந்தத் தண்ணீரை மூன்று லீற்றர் குடித்தால் 600 மில்லிகிராம், அதாவது 1.5 கிராம் உப்பு. கொதிக்க வைத்தால் உப்புப் போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் செறியும். குடிக்க, தேத்தண்ணீர் போட, சமைக்கக் குழாய்த் தண்ணீர் வைத்துக்கொண்டு கிணற்றைக் குளிக்கவும் கழுவவும் விடுவது நல்லது.

பொற்றாசிய உப்பு: யாருக்கு ஆகாது

சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரை வைத்து நடந்து 2021 இல் வெளியான ஆய்வில், முக்கால் பங்கு சாதாரண உப்பும் கால் பங்கு பொற்றாசியம் குளோரைட்டும் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களில் பக்கவாதம் 14 வீதம் குறைந்தது, மரணம் 12 வீதம் குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவரின் உடல் பொற்றாசியத்தைச் சரியாக வெளியேற்றாது, அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். வடமத்திய மாகாணத்தை ஒட்டிய பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக நோய் அறியப்பட்ட பிரச்சினை. லொசாட்டன், எனலாபிரில், ஸ்பிறோனோலக்டோன் போடுபவர்களிலும் பொற்றாசியம் ஏறும். ஆகவே இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினும் பொற்றாசியமும் பார்த்து, வைத்தியர் சொன்ன பிறகே இந்த உப்பை வாங்க வேண்டும். நாளுக்கு இரண்டு மூன்று இளநீர் குடிப்பதும் அவர்களுக்கு இதே ஆபத்துத்தான். சிறுநீரகம் நலமாக உள்ளவர்களுக்குக் கீரை, முருங்கையிலை, பருப்பு, வாழைப்பழம், இளநீர் எல்லாம் அழுத்தத்தை இறக்க உதவும்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. கிளினிக்கில் “உப்பைக் குறையுங்கோ” என்றதும் அடியோடு நிறுத்திவிடும் முதியவர்கள் இருக்கிறார்கள். அதோடு சிறுநீர் போகச் செய்யும் குளிசையும் வெக்கையும் சேர்ந்தால் இரத்தச் சோடியம் விழுந்து தலைசுற்று, தடுமாற்றம், மறதி என்று வரும். வீட்டார் அதை வயதின் மறதி என்று நினைத்துவிடுவார்கள். வயிற்றோட்டமோ சத்தியோ வந்த நாளில் உப்புக் கட்டுப்பாட்டைப் பார்க்காமல் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த நீரிழப்புத் தூள்) கரைத்துக் கொடுங்கள், அன்றைக்கு அழுத்தக் குளிசை போடுவதா என்று வைத்தியரைக் கேளுங்கள். இதயம் பலவீனம் என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவர் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிட முன், ஒரே தராசில் நிறை பார்த்து எழுதி வர வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, உடலில் தேங்கும் நீர். அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது.

பக்கற் திகதி எழுதும் கொப்பியிலேயே அழுத்தத்தையும் எழுதுங்கள். அளக்க முன் அரை மணிக்குத் தேத்தண்ணீரும் சிகரட்டும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் இரண்டும் நிலத்தில் பட ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். கை மேசையில், பட்டி நெஞ்சின் மட்டத்தில், சட்டைக் கைக்கு மேல் அல்லாமல் வெறுந்தோலில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் அளந்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் தொடர்ந்து 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அது உயர் அழுத்தம். உப்பைக் குறைத்த பலன் நாலாவது கிழமையில் நன்றாகத் தெரிய வேண்டும். எண் இறங்கியது என்று குளிசையை நீங்களே நிறுத்தாமல், கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். குளிசையைக் குறைப்பதை அவர்கள் அந்த எண்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.